டெல்லியில் ஒரு தெரு, நாங்கள் பதினோரு பேர்



அண்ணல் பிறந்தநாளுக்கு டெல்லி போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லித் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அடி அண்ணாமலையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பதினோரு பேர் போனோம். கல்லூரி மாணவர்கள் ஆறு பேர், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் மூன்று பேர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு. முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு இரவு எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும்.

தெரு என்பது நமக்குச் சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஊர் வழியாகத்தான் கிரிவலப் பாதை போகிறது. 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான கால்கள் நடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. ஆனால் அந்தப் பாதையை விட்டு மாவட்டத்தின் உள்ளே போனால் கதை வேறு. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் முதன்முதலாக நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. மாவட்ட ஆட்சியரும் நூற்றுக்கணக்கான போலீசும் உடன் நிற்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், 1924-இல், தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத் தெரு, சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக் கூடாது என்பதுதான் அது. அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. பெரியார் அதற்காகச் சிறைக்குப் போனார். கோயிலுக்குள் போவதற்கு அல்ல, வெளியே இருக்கும் தெருவில் நடப்பதற்கு. இந்த நினைப்போடுதான் டெல்லியில் இறங்கினோம்.

முதலில் போனது கடமைப் பாதைக்கு. குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்தச் சாலை. மேற்கே ரைசினா குன்றில் குடியரசுத் தலைவர் மாளிகை, கிழக்கே இந்தியா கேட், இரு பக்கமும் புல்வெளி. நேரில் பார்த்தால் அகலம் மிரட்டுகிறது. ஆட்டோ அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டுச் சொன்னார்: "நம்ம பக்கம் பத்தடித் தெருவுக்கே வெட்டுக்குத்து. இவ்ளோ பெரிய ரோட்ட யார்கிட்ட இருந்து புடுங்கினாங்களோ!"

விளையாட்டாகச் சொன்னாலும் அது சரியான கேள்வி. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் டெல்லிக்கு வந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து இங்கே மாறும் என்று அறிவித்தார். அதற்காக 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின்படி ரைசினா, மால்ச்சா போன்ற கிராமங்கள் காலி செய்யப்பட்டன. ரைசினா என்ற பெயர் மட்டும் குன்றின் மேல் மிச்சம். லட்யன்ஸ், பேக்கர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கல் சுமந்த ராஜஸ்தான் கூலிப் பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை. புது டெல்லி திறக்கப்பட்டது 1931 பிப்ரவரியில்.

அப்போது அந்தச் சாலையின் பெயர் 'கிங்ஸ்வே'. சுதந்திரத்துக்குப் பிறகு 'ராஜ்பத்' ஆனது. ராஜா போகவில்லை, இந்திக்கு மாறினார், அவ்வளவுதான். 2022 செப்டம்பர் 8 முதல் 'கர்தவ்ய பத்', அதாவது கடமைப் பாதை. அடிமைத்தனத்தின் அடையாளத்தை அகற்றுகிறோம் என்றார்கள். ராஜா பெயர் போனதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. ஆனால் அந்தப் பெயர்ப் பலகையின் கீழே நின்றபோது எங்கள் ஆசிரியர் ஒன்று சொன்னார். அண்ணல் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தில் அடிப்படை உரிமைகள் இருந்தன. அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பட்டியல் இல்லை. அது 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தது.

செத்த மாட்டைத் தூக்குவது கடமை, சாவுக்குப் பறையடிப்பது கடமை, மலக்குழியில் இறங்குவது கடமை. நம் மக்களுக்குக் கடமையைச் சொல்லித்தர இந்த நாட்டில் ஆளே குறைந்ததில்லை. உரிமைக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. நாங்கள் போன நேரத்திலும் புல்வெளி ஓரமாக இரண்டு பெண்கள் நீளத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அக்கா ஒருவர் கையாலேயே ஜாடை காட்டி, தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தார்கள். இந்தி தெரியாததால் அதற்கு மேல் பேச முடியவில்லை.

அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள், தோழர்களே. 17-ஆவது பிரிவைத் தெரிந்த அளவுக்கு இது பலருக்குத் தெரிவதில்லை. சாதியின் பெயரால் எந்தக் குடிமகனையும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. ஒரு தேசத்தின் தலையாய சட்டத்தில் கிணறும் குளமும் சாலையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. 1924 தீர்மானமும் 1927 மகத் குளமும் அந்த வரிக்குள் இருக்கின்றன. அது ஏற்கப்பட்ட இடம் பழைய நாடாளுமன்றத்தின் மைய மண்டபம். சாலையிலிருந்து அந்த வட்டக் கட்டடத்தின் தூண்கள் தெரிகின்றன. உள்ளே போக எங்களிடம் அனுமதிச் சீட்டு இல்லை.

குன்றின் மேல் வடக்குப் பிளாக் கட்டடத்தில் வெள்ளைக்காரன் கல்லில் ஒரு வாசகம் வெட்டி வைத்திருக்கிறான். சுதந்திரம் தானாக இறங்கி வராது, மக்கள்தான் அதற்குத் தகுதியாக உயர வேண்டும் என்ற பொருளில். யாரை அடக்கி வைத்திருந்தானோ அவர்களுக்கே பாடம். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் "படிச்சு முன்னுக்கு வாங்கப்பா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்களே, அதே குரல்.

மதியம் சன்சத் மார்க் போனோம். நாடாளுமன்றத்திலிருந்து கன்னாட் பிளேஸ் பக்கம் போகும் சாலை. கடமைப் பாதை பார்க்கப் போகும் இடம் என்றால், இது நாங்கள் இருக்கப் போன இடம். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பஞ்சாப் என்று எங்கிருந்தெல்லாமோ நம் மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். எங்கே பார்த்தாலும் நீலம். தெருவிலேயே பூரியும் கிழங்கும் போடுகிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் தட்டில் வைக்கிறார்கள். குழந்தைகள் தோளில். ஒலிபெருக்கியில் பீம் பாடல்கள். வெயில் நம் வேலூர் வெயிலுக்குச் சளைத்ததில்லை.

புத்தகக் கடைகளைச் சொல்லாமல் விட முடியாது. தரையில் விரிப்பு போட்டு மலிவு விலையில் புத்தகம் புத்தகமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பெரியவர் நாங்கள் தமிழ்நாடு என்றதும் "பெரியார்!" என்று எழுந்து கைகுலுக்கி, 'சச்சி ராமாயண்' எடுத்துக் காட்டினார். பெரியாரின் நூலை இந்தியில் கொண்டுவந்தவர் லலாய் சிங் யாதவ். உத்தரப் பிரதேச அரசு 1969-இல் தடை செய்தது. அவர் விடாமல் வழக்கு நடத்தி 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எங்களில் யாருக்கும் இந்தி படிக்கத் தெரியாது. இருந்தும் இரண்டு பிரதி வாங்கினோம்.

பக்கத்திலேயே ஜந்தர் மந்தர். மலக்குழி மரணங்களுக்கு எதிராக சஃபாயி கர்மச்சாரி ஆந்தோலன் 125 நாட்கள் நடத்திய பீம் யாத்திரை 2016 ஏப்ரல் 13 அன்று வந்து முடிந்தது இங்கேதான். ஒரு காலத்தில் போராட்டங்கள் ராஜ்பத் ஓரத்துப் போட் கிளப் புல்வெளியிலேயே நடந்தன. 1988 அக்டோபரில் திகாயித் தலைமையில் லட்சக்கணக்கான விவசாயிகள் மாடும் வண்டியுமாக வந்து ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தடை. கூட்டத்தைச் சந்துக்குள் தள்ளினார்கள். 2017-இல் அந்தச் சந்திலும் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை செல்லாது என்றது. இன்றைக்கும் முன்அனுமதி, நேரக் கணக்கு, இரும்புத் தடுப்பு எல்லாம் உண்டு. ராணுவ டாங்க் போக அவ்வளவு அகலமான சாலை. சாக்கடையில் கணவனைப் பறிகொடுத்தவள் உட்கார ஒரு சந்து.

அடுத்த ஏப்ரலுக்குப் போக நினைப்பவர்களுக்கு: ரயில் டிக்கெட்டுக்கு 60 நாள் முன்பே உட்காருங்கள். சன்சத் மார்க்குக்குப் படேல் சவுக் மெட்ரோவில் இறங்க வேண்டும். அதே மஞ்சள் தடத்தில் வடக்கே போனால் விதான் சபா நிலையம். 26, அலிப்பூர் சாலையில் அண்ணல் 1956 டிசம்பர் 6 அன்று கண்மூடிய இடம் நினைவகமாக இருக்கிறது. நேரமில்லாமல் நாங்கள் அதை விட்டுவிட்டோம். அக்காக்கள் மூன்று பேரும் அடுத்த முறைக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள், இன்னும் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு.