இரண்டு குறிப்பேடுகள்

மாட்டுங்காவிலுள்ள ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர், 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் செம்பூரிலுள்ள தம் குடியிருப்புக்கு ஒரு புதிய ஹைப்ரிட் காரை ஓட்டி வந்தார். சேடா நகர் முருகன் கோயிலில் மாலை சாத்தி, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. அன்றிரவே அவர் ஒரு நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடிட்டார்: ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர், கொடுத்த ரூபாய். இவையெல்லாம் காரின் திரையிலேயே தெரியுமே என்று மகள் சிரித்தாள். அவர் பதில் சொல்லவில்லை. அலமாரியில் அதே மூன்று பத்திகளுடன் இன்னொரு நோட்டு இருந்தது. அது அவருடைய தந்தையின் கையெழுத்து.

தந்தை திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து 1968இல் தாராவிக்கு வந்தவர். சில ஆண்டுகள் தோல் பதனிடும் கூடத்தில் வேலை செய்துவிட்டு, 1979 முதல் வாடகைக்கு எடுத்த டாக்ஸி ஓட்டினார். குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில் உருவான பத்மினி வண்டி அது. வண்டிக்காரருக்கு நாள் வாடகை. பெட்ரோல் செலவு ஓட்டுநருடையது. மீட்டரில் விழும் தொகையிலிருந்து இவ்விரண்டும் போக எஞ்சுவதே கூலி. வாடகையைக் குறைக்க அவரால் முடியாது; பயணக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும். அவர் கைக்குள் இருந்தது பெட்ரோல் ஒன்றுதான். எனவே சிக்னலில் நின்றவுடன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பார். மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டியைத் தானாக உருளவிடுவார். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிய வாரத்திற்கும் 11 ஓடிய வாரத்திற்கும் இடையிலான வேறுபாடு, அந்நோட்டின் பின்பக்கத்தில் மளிகைக் கடன் கணக்காகப் பதிவாகியிருக்கிறது. சிக்கனத்திற்கும் விலை உண்டு: அடிக்கடி அணைத்து உயிர்ப்பித்ததில் ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழுதுக்கு நின்றதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஹைப்ரிட் காரின் இயக்கத்தை விளக்க இந்த நோட்டைவிட நல்ல பாடநூல் தேவையில்லை. வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றிக்கொள்ளாத ஹைப்ரிட் கார், தன் ஆற்றல் முழுவதையும் பெட்ரோலிலிருந்தே பெறுகிறது. கடன் வாங்கும் ஆற்றல் எதுவுமில்லை. அது செய்வதெல்லாம் வீணாவதைத் தடுப்பதே. நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் எஞ்சின் அணைந்துவிடுகிறது. மின் மோட்டார் வண்டியை நகர்த்துகிறது. பிரேக்கை மிதிக்கும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறி, வழக்கமாகச் சக்கரத்தில் வெப்பமாகக் கரைந்துபோகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கிறது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தபோது உலகம் வியந்த தொழில்நுட்பத்தின் சாரம் இவ்வளவுதான். தாராவி ஓட்டுநரின் கை செய்ததை ஒரு கணிப்பொறி நொடிக்குப் பலமுறை செய்கிறது.

முதல் ஆண்டின் பதிவுகள் சுவையானவை. இவ்வகைக் கார்களில் சிலவற்றுக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்கிறது. அது மூடிய அறைக்குள், உருளைகளின்மேல், வகுக்கப்பட்ட வேகங்களில் ஓட்டி எடுத்த எண். சயான் சிக்னலும் ஏப்ரல் மாதப் புழுக்கமும் அதில் இல்லை. பேராசிரியரின் நோட்டில் முதல் டேங்க் 19.4 காட்டியது. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக மிதிக்கக் கற்றுக்கொண்டபின் மூன்றாம் டேங்கில் 23 ஆயிற்று. ஏப்ரலில் குளிர்சாதனம் இடைவிடாது இயங்கியதால் மின்கலம் விரைவில் தீர்ந்து, எஞ்சின் அடிக்கடி விழித்தெழ, 20க்கு இறங்கியது. ஆண்டுச் சராசரி 22. காரின் திரை எப்போதும் நோட்டைவிட ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாராளமாகவே பேசியது. எல்லாவற்றினும் வியப்பு வேறொன்று: தடையின்றி விரையும் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயைவிட, செம்பூருக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் இடையே நின்று நின்று ஊரும் நெரிசலில்தான் வண்டி பெட்ரோலை அதிகம் மிச்சப்படுத்தியது. மற்ற வண்டிகளைத் தண்டிக்கும் நெரிசலே இதற்கு உணவு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவி தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து தந்தையைச் செம்பூருக்கு அழைத்து வந்தார். எழுபத்தெட்டு வயது, இன்னும் பழைய வீட்டை விட்டு வர மறுப்பவர். முதல் சிக்னலில் எஞ்சின் ஓசை அடங்கியதும் அவர் கால் தன்னியல்பாகத் தரையில் கிளட்சைத் தேடியது.

"என்னல, வண்டி நின்னு போச்சா?"

"நிக்கலப்பா. எஞ்சின்தான் அணைஞ்சிருக்கு."

பச்சை விழுந்தது, வண்டி ஓசையின்றி நகர்ந்தது. கிழவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஸ்டார்ட்டர் கெட்டுப் போகாதா?"

போகாது என்றார் மகன். தந்தை தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் பாராட்டு இருந்ததா, தாம் பட்ட பாட்டின் நினைவு இருந்ததா என்று மகனால் பிரித்தறிய முடியவில்லை.

அன்றிரவு அவர் இரு நோட்டுகளையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டார். அதே அளவுள்ள சாதாரண பெட்ரோல் காரைவிட ஹைப்ரிட்டுக்கு அவர் கூடுதலாகக் கொடுத்தது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். சாதாரண கார் நகருக்குள் லிட்டருக்கு 12 தரும் என்று கொண்டால் 500 லிட்டர் தேவை. இதற்கு 273 போதும். மிச்சம் 227 லிட்டர். லிட்டர் 103 ரூபாய் வீதம் சுமார் 23,400 ரூபாய். கூடுதல் விலை திரும்பிவர ஏறக்குறைய 13 ஆண்டுகள். அதுவரை இந்தக் காரை அவர் வைத்திருப்பாரா என்பதே ஐயம்.

பிறகு அதே கணக்கைத் தந்தையின் நோட்டுக்குப் பொருத்தினார். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள்: 30,000 கிலோமீட்டர். இன்றைய விலையில் மிச்சம் 1,17,000 ரூபாய். இரண்டரை ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும். நாள் முழுதும் நெரிசலில் ஊர்பவனுக்கென்றே படைக்கப்பட்ட இயந்திரம், வாரத்தில் சில நாள் கல்லூரிக்குப் போய்வருபவன் வீட்டில் நிற்கிறது. அதன் பலன் யாருக்கு மிகுதியோ, அவன் கையில் அதை வாங்கும் முதல் இல்லை; முதல் உள்ளவனுக்கோ அதன் பலன் சொற்பம்.

கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். மும்பை டாக்ஸிகள், உயர் நீதிமன்ற ஆணைகளைத் தொடர்ந்து, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பெட்ரோலைவிட அது மலிவு; ஆகவே இன்றைய ஓட்டுநரின் மிச்சம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் அந்த மலிவுக்காக அவர் வரிசையில் காத்திருக்கும் நேரம் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை. பத்மினி டாக்ஸிகளோ 2023 அக்டோபர் 30ஆம் நாளுடன் சாலையை விட்டே அகன்றன.

எரிபொருள் திறன் கூடும்போது மொத்த நுகர்வு குறையாமல் பெருகக்கூடும் என்று ஜெவன்ஸ் 1865இல் நிலக்கரியை முன்வைத்து வாதிட்டதைப் பேராசிரியர் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவர். தாமே அதற்குச் சான்றாகி வருவதையும் நோட்டு காட்டியது: முன்பு ரயிலில் போன தூரங்களுக்கு, 'இதுதான் அதிகம் குடிப்பதில்லையே' என்று காரை எடுத்த நாள்கள் பதினேழு. அடுத்த பருவத்தில் அப்பாடத்தை இந்த இரண்டு நோட்டுகளிலிருந்து தொடங்க அவர் முடிவு செய்தார்.

தந்தையை மறுபடி தாராவியில் விடப் போனபோது, கிங்ஸ் சர்க்கிளில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு போக நேர்ந்தது. டாக்ஸி நிறுத்தத்தில் வரிசை ஒரு வண்டி அளவு முன்னே நகர்ந்தது. கடைசியில் நின்ற ஓட்டுநர் எஞ்சினை இயக்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றி, தோளால் வண்டியைத் தள்ளினார். அது நாலடி உருண்டு நின்றது.

"பாத்தியா," என்றார் கிழவர், "அதுவும் ஹைப்ரிட்தான்."