டூட்டி இருக்கு

கலைஞர்களின் விவரம் சேகரிக்கிறோம் என்று தோழர்கள் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் இருக்கிற பெரியய்யாவுக்காக அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். பேர், ஊர், வயசு எழுதியாச்சு. 'கலை' என்ற இடத்தில் பறை என்று எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெரியய்யாவிடம் எதையும் காதோரம் போய்க் கத்தித்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

"மில்லுன்னு எழுது."

"ரிட்டையராகி எம்புட்டு வருசமாச்சு. கொட்டடிக்கிறதுதான பெரியய்யா ஒங்களுக்கு..."

முறைத்தார். "கொட்டு என்னைக்குத் தாயி எனக்குத் தொழிலா இருந்துச்சு? அது ஊர்க்காரன் வாங்குன வேல. நாஞ் செஞ்ச தொழிலு மில்லுதான்."

இசைக்காரர்கள் பகலில் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது உலகத்துக்குப் பிடித்த கதை. அமெரிக்காவில் சார்லஸ் ஐவ்ஸ் என்றொருவர் இன்சூரன்ஸ் கம்பெனி நடத்திக்கொண்டே இசை எழுதினார். 1947இல் அவருக்குப் புலிட்சர் பரிசு கொடுத்தார்கள். சென்னை சபாக்களில் பாடிப் பேரெடுத்த சஞ்சய் சுப்ரமணியன் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படித்தவர் என்று வியந்து சொல்வார்கள். வேலைக்குப் போயும் இசையை விடவில்லை பார் என்பதில் ஒரு பெருமை. எங்கள் தெருவில் இந்தக் கதை தலைகீழாக நடந்தது. கொட்டை விட்டுத் தப்பிப்பதற்காக வேலை தேடினார்கள்.

கேதம் விழுந்தால் ஊர்க்காரன் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பான். சேரிக்குள் காலெடுத்து வைக்க மாட்டான். இரண்டு பேர் சுற்றுப்பட்டிக்குக் கேதம் சொல்லப் போக வேண்டும். மற்றவர்கள் கொட்டை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். காய்ச்சல், பிள்ளைப்பேறு, சொந்த வீட்டுச் சாவு என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. பிணம் சுடுகாடு போய்ச் சேருகிற வரைக்கும் அடி. கூலி என்று சாராயமும் சில்லறையும் தூக்கிப் போடுவார்கள். ஆமாம், தூக்கித்தான் போடுவார்கள்.

அந்த இழிவுக்கு நடுவில்தான் அந்த வித்தையும் இருந்தது. வட்டக் கட்டையில் தோலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து இழுத்து ஒட்டுவது, ஓலையைக் கொளுத்திச் சூடு காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துப் பதம் கண்டுபிடிப்பது, வலது கைக்கு அடிக்குச்சி, இடது கைக்கு மெல்லிய சிம்புக்குச்சி. சாவு அடி வேற, சப்பரத்து அடி வேற, சாமிச்சாட்டு அடி வேற. இத்தனையும் தெரிந்தவர்கள் மற்ற நாட்களில் மாந்தோப்பில் காய் பறித்தார்கள், கொத்தனாருக்குச் சிமெண்ட் சட்டி தூக்கினார்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போனார்கள். நையாண்டி மேளத்தில் நாயனம் வாசித்தவர் மறுநாள் காலையில் சவரக்கத்தியோடு வீடு வீடாகப் போனார். ஒருத்தரும் இவர்களைக் கலைஞர் என்று கூப்பிட்டதில்லை.

ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் பஞ்சாலை தொடங்கினார். பிறகு ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. பெரியய்யா அவற்றில் ஒன்றில் 1970களில் பதிலியாக நுழைந்து, பிறகு ரிங் பிரேமில் சைடர் ஆனார். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே எட்டு மணி நேரம் மிசினுக்கு மிசின் நடக்கிற வேலை. தலைமயிரெல்லாம் பஞ்சு. பக்கத்தில் நிற்கிறவன் பேசினால் வாயசைவை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அப்படியொரு இரைச்சல்.

ஆனால் அந்த மில்தான் அவர் வாயில் ஒரு சொல்லைக் கொடுத்தது. டூட்டி. "அடிக்க மாட்டேன்" என்று ஊர்க்காரனிடம் சொன்னால் தெருவே அடி வாங்கும், தண்ணி நிற்கும், வேலை நிற்கும். "டூட்டி இருக்குய்யா" என்று சொல்லலாம். மில் சங்கு ஊதிவிட்டால் ஊர்ச் சட்டம் கேட்டுக்கு வெளியே நின்றது. ஒருமுறை கேட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்களாம். முழு நைட் முடியாமல் வெளியே விட முடியாது என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டான். ஊரில் ஒரு பெரிசு இழுத்துக்கொண்டு கிடக்கிறதென்று தெரிந்தால், பெரியய்யா போய் ஓவர்டைம் கேட்டு நிற்பாராம். பெரியம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அதற்கு விலையாக அவர் கொடுத்தது காது. கொட்டின் பதத்தை ஒரு சுண்டலில் கண்டுபிடித்த காது. ரிட்டையர் ஆகும்போது மிசின் சத்தம் மட்டும்தான் அதில் மிச்சமிருந்தது. விரல் மட்டும் சும்மா இருக்காது. சோற்றுத் தட்டில்கூட எதையாவது தட்டிக்கொண்டிருக்கும்.

1927இல் மகாட் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாடு தூக்காதீர்கள், இழிதொழிலை விடுங்கள் என்றார். பறையை எறிவதா, எடுத்து நம் கருவியாக ஆக்குவதா என்று 1990களில் தலித் இதழ்களும் மதுரை தலித் கலைவிழாக்களும் வாதாடியதை நான் எம்.ஏ. படிக்கையில் பழைய இதழ்களில் வாசித்தேன். பாடகரான கே.ஏ. குணசேகரன் பேராசிரியர் வேலை பார்த்துக்கொண்டே மேடையில் நின்றார். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் அழுதேன். பெரியய்யாவுக்குப் பேப்பரைக் காட்டினேன். "நல்லாருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை பறைப் பயிற்சி நடக்கிறது என்று போன மாசம் அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். 192 அடிக் கோபுரம் தெரிகிற ஒரு மொட்டை மாடி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், நர்ஸ், டீச்சர், காலேஜ் பிள்ளைகள். பாதி பேர் பெண்கள். எங்கள் வீட்டில் பொம்பளை கொட்டைத் தொட விட்டதில்லை, அதனால் எனக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. இவர்களுக்கு இது பொழுதுபோக்கு. இறக்கி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகலாம். யாரும் தெருமுனையில் நின்று கூப்பிட மாட்டார்கள். மில்லில் வேலை பார்க்கிற என் தம்பி முறைப் பையன் ஒருத்தன் மதுரை மேடைகளில் பிரமாதமாக அடிக்கிறான். சொந்த ஊரில் குச்சியைத் தொட மாட்டான். தெரிந்தால் கேதத்துக்குக் கூப்பிடுவார்கள் என்கிறான். ஆத்திரம் பிள்ளைகள் மேல் இல்லை. அவர்களும் எடுக்காவிட்டால் அது எங்கள் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதும் தெரிகிறது.

அங்கே இருந்ததெல்லாம் இரும்பு வளையமும் பிளாஸ்டிக் தோலும். "சூடு காட்ட வேணாமா?" என்றார் பெரியய்யா. வேண்டாம் என்று கையாட்டினேன். ஒரு பையன் அடிக்க, வளையத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவன் இடது கையைப் பிடித்து நிறுத்தி, குச்சியைத் தளர்த்திப் பிடிக்க வைத்தார். பிறகு தானே வாங்கி அடித்தார். சப்பரத்து அடி. எழுபது தாண்டிய கால் தானாக அடவு வைத்தது. தனக்குக் கேட்காத ஒன்றை அவர் அப்படி அடித்ததை இன்றைக்கும் என்னால் விளக்க முடியவில்லை.

பிள்ளைகள் கூடிக்கொண்டார்கள். "தாத்தா, சாவு அடி, சாவு அடி" என்றார்கள். ஆட்டத்துக்கு அதுதான் தோது என்று அவர்களுக்கு ஆசை. நான் காதோரம் போய்ச் சொன்னேன்.

குச்சியை இறக்கி வைத்துவிட்டுத் துண்டைத் தேடினார்.

"டூட்டி இருக்கு" என்றார்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பையில் இருந்த தாளை எடுத்து, 'தொழில்' என்ற இடத்தில் மில் என்று எழுதினேன்.