போர்வையும் தோற்சுருளும்

நீலகிரியில், உதகைக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் பங்குப்பணி ஆற்றி வருகிறேன். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் மேகமற்ற இரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்கும். விடியும்போது புல்வெளியில் உப்பைத் தூவினாற்போல் உறைபனி படிந்திருக்கும். சமவெளியில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்நாட்களில் பேனாவைத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது.

எழுத வேண்டிய பணியோ காத்திருந்தது. 1964-ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி, இலங்கையின் மலையகத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து, இங்குள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் எம் பங்கில் உள்ளன. அவர்களுள் முதியோரின் நினைவுகளை எழுதிவைக்க விரும்பினேன். எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் மூன்று மாலைப்பொழுதுகள் தம் கதையைச் சொன்னார். “எழுதி முடிச்சதும் எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க சாமி” என்றார்.

குளிர் தணியட்டும், மாசியில் எழுதலாம் எனத் தள்ளிவைத்தேன். தை முடியுமுன் அவர் இறந்துபோனார். அடக்கச் சடங்கை நிறைவேற்றி வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு பக்கத்தில், “கப்பல், தகரப்பெட்டி, தம்பி” என்னும் மூன்று சொற்களே இருந்தன. அந்தத் தம்பிக்கு என்ன நேர்ந்தது? நினைவுக்கு வரவில்லை. அவருடைய மக்களுக்கும் தெரியவில்லை.

சிறையிலிருந்த பவுல், திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், துரோவாவில் விட்டுவந்த போர்வையையும், அத்துடன் நூல்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவருமாறு கேட்கிறார். குளிர்காலத்திற்கு முன்பே வந்துவிடுமாறும் வேண்டுகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது, திருமுகத்தின் ஆசிரியர் யார் என்னும் வாதத்தையே குறித்துக்கொண்டேன். போர்வை என் கண்ணில் படவில்லை. உடலுக்கு வெதுவெதுப்பும் எழுத்துக்கு ஏடும் ஒருசேரத் தேவை என்பதை அந்த மரணத்திற்குப் பின்னரே உணர்ந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் கரியடுப்பு ஒன்றை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டேன். தற்செயலாக வந்த உபதேசியார் பதறிப்போய் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். “மூடின அறையில கரி எரிஞ்சா ஆளையே கொன்னுடும் சாமி” என்றார். உண்மைதான். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறங்குபவரை அது எழுப்புவதுமில்லை.

அவர் கற்பித்தவை எளியவை. முதலில் பாதங்களைக் காக்க வேண்டும்: கம்பளிக் காலுறை, தரையில் மடித்துப் போட்ட சாக்கு. தலைக்குக் குரங்குக் குல்லா. தடித்த ஓர் ஆடையைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய ஆடைகள் நல்லவை. மடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. மேசையைக் கிழக்குச் சன்னலருகே நகர்த்தினேன். காலைத் திருப்பலி முடிந்து வரும்போது வெயில் தாள்மீது விழுந்திருக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பேன்.

இவை விரல்களுக்கு உதவின. மனத்திற்கோ வேறொன்று தேவைப்பட்டது. நாளுக்கு அரைப்பக்கம் என வரையறுத்துக்கொண்டேன். ஞாயிறு மாலைகளில், எழுதியதை உரியவர் வீட்டிற்கே சென்று வாசித்துக் காட்டினேன். “அப்படி இல்ல சாமி” என்று திருத்துவார்கள். திருத்தும்போதே மறந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். அடுத்த ஞாயிறு ஒருவர் காத்திருப்பார் என்ற எண்ணமே, திங்களன்று காலை என்னை மேசைக்கு அழைத்து வந்தது. இவ்வாறு பதினொருவரின் நினைவுகளை எழுதி முடித்திருக்கிறேன்.

அம்மூதாட்டியின் பக்கத்தை நான் நிரப்பவில்லை. கற்பனையால் நிரப்ப எனக்கு உரிமையில்லை. மூன்று சொற்களும் அப்படியே இருக்கின்றன. உங்கள் இல்லத்திலும் சொல்வதற்குக் கதையுள்ள முதியவர் ஒருவர் இருக்கலாம். போர்வையைப் போர்த்திக்கொண்டு இன்றே அவரருகில் அமருங்கள். மாசிவரை காத்திருக்க வேண்டாம்.