ஜெயிச்சியா, தோத்தியா?

ரெட்டியார்பாளையமோ, ராயப்பேட்டையோ... செஸ் போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 'டிரா' என்று பதில் வந்தால், "பரவால்ல, அடுத்த தடவை ஜெயிச்சிடு" என்று ஆறுதல் வேறு சொல்வோம். எதிரில் உட்கார்ந்தது யார் என்று கேட்கத் தோன்றாது. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்!

2023 ஆகஸ்ட் 22. அஜர்பைஜானின் பாகு நகரில் உலகக் கோப்பை இறுதிச்சுற்று. ஒருபக்கம் 2835 ரேட்டிங் வைத்திருந்த மேக்னஸ் கார்ல்சன். எதிரில், நெற்றியில் விபூதியோடு 2690 ரேட்டிங் பிரக்ஞானந்தா. 18 வயது முடிந்து 12 நாள்தான் ஆகியிருந்தது. வந்த இடத்திலும் மகனுக்குச் சோறும் ரசமும் வைத்துக்கொடுத்த அம்மா நாகலட்சுமியை அந்த நாள்களில் ஊரே கொண்டாடியது.

145 புள்ளி வித்தியாசம் என்றால் என்ன? இந்த இருவரும் 10 ஆட்டம் ஆடினால், பெரியவருக்குச் சுமார் 7 புள்ளி கிடைக்க வேண்டும் என்பது ரேட்டிங் கணக்கு. அதனால் டிரா ஆனாலே சின்னவருக்கு ரேட்டிங் ஏறும், பெரியவருக்கு இறங்கும். ஒரு டிராவுக்கு ஏறக்குறைய 2 புள்ளி. பார்க்கச் சின்னதுதான். ஆனால், அந்த உயரத்தில் 2 புள்ளி சேர்ப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

முதல் ஆட்டத்தில் பிரக்ஞானந்தாவுக்கு வெள்ளைக் காய்கள். 4 மணி நேரத்துக்கு மேல் நீண்டு, 35-வது நகர்த்தலில் டிரா. மறுநாள் கார்ல்சனுக்கு வெள்ளை. சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு சோர்ந்திருந்த அவர், வம்பே வேண்டாம் என்பதுபோல ஆடினார். 30 நகர்த்தலில் அதுவும் டிரா. உலகின் நம்பர் 1 வீரர் வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு டிரா போதும் என்று நினைப்பதே எதிராளிக்குக் கிடைக்கும் மரியாதை இல்லையா?

எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்துப் பயந்து, பத்துப் பன்னிரண்டு நகர்த்தலிலேயே டிரா கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த டிரா வேறு, இது வேறு.

ஆகஸ்ட் 24-ம் தேதி ரேபிட் டைபிரேக்கரில் முதல் ஆட்டத்தைக் கார்ல்சன் வென்றார். அடுத்தது டிரா. கோப்பை அவருக்குப் போனது. அன்று பல வீடுகளில் டி.வி-யை அணைத்துவிட்டு, "பாவம், தோத்துட்டான்" என்றார்கள்.

2024 மே மாதம், கார்ல்சனின் சொந்த நாட்டில் நடந்த நார்வே செஸ் போட்டியில் இருவரும் கிளாசிக்கல் ஆட்டத்தில் மீண்டும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெள்ளைக் காய்கள் பிரக்ஞானந்தாவுக்கு. அன்று டிரா ஆகவில்லை. கார்ல்சன் தோற்றார்.