சாமந்திப்பூவில் ஒரு ஆசாமி

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரோட்டில் பழையசீவரம். அங்கே பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல், என் மாமனார் ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். நான் போகும்போதெல்லாம் மூன்று மணல்கள்தான் கூடியிருக்கும்!

ஊருக்குப் பெருமை அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ம் நூற்றாண்டிலேயே, இங்கே 15 படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், கையிருப்பு மருந்துகள்... அத்தனைக்கும் கணக்கு. பி.காம். படித்த எனக்கே பொறாமையாக இருக்கும்.

இந்தத் தடவை கோயிலுக்குப் போகவில்லை. மாமாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நாக்கு எழவில்லை. கொல்லைப்பக்கம் போய் வெள்ளைச் சாமந்தியை முறைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பூவில் இதழ் நடந்தது. அதுவும் பக்கவாட்டில்!

"நண்டுச் சிலந்தி. வலை கட்டாது மாப்பிள்ளை" என்றபடி மாமா பின்னால் வந்து நின்றார்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. இந்த ஜாதியில் சிலது, உட்காரும் பூவுக்கேற்ப வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாறுமாம். சில நாள் ஆகும். முன்னங்கால் இரண்டு ஜோடியையும் விரித்து வைத்துக்கொண்டு, அசையாமல் காத்திருந்தது.

தேனீ வந்தது. சிலந்தியைவிடப் பெரிசு. உட்கார்ந்ததுதான் தெரியும், கால்கள் மூடிக்கொண்டன. கழுத்தில் ஒரு கடி. கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்றது. இனி சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டைக் கீழே தள்ளிவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அங்குள்ள ஒரு வெள்ளை நண்டுச் சிலந்தி, நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்புகிறது. அது தேனீயின் கண்ணுக்குத் தெரியும். விளைவு? காலிப் பூவை விட்டுவிட்டு, சிலந்தி இருக்கிற பூவையே தேடி வருகிறது!

நானும் வட்டி ஜாஸ்தி என்றுதான் அந்த ஃபைனான்ஸ் கம்பெனியைத் தேடிப் போனேன். மாமா நெல் விற்ற பணத்தையும் போடச் சொன்னவன் நான். அவர் ரசீதைக்கூடப் படிக்கவில்லை. "மாப்பிள்ளை பி.காம்." என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இந்த மாசம் வட்டி வரலையே, மாப்பிள்ளை?"

"ஆபீஸைப் பூட்டிட்டாங்க மாமா."

அவர் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டுமா, உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

"சாப்பிட வாங்க" என்றார்.