இயாகோவின் வாயிலிருந்து பிடுங்கிய சொல்

அன்புள்ள கயல்,

உங்கள் கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ போடுகிறார்கள், இயாகோ வேடம் உனக்கு என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஒரு பதிப்பில் அவன் ‘ஸவுண்ட்ஸ்’ என்று சீறுகிறான், இன்னொன்றில் அந்தச் சொல்லே இல்லை, எதை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டுமே பழைய பதிப்புகளிலிருந்து வந்தவைதான். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒரு சட்டம்.

‘கடவுளின் காயங்கள்’ என்பதன் சுருக்கம்தான் ‘ஸவுண்ட்ஸ்’. சிலுவையில் ஏசு பட்ட காயங்களின் மேல் ஆணை! அவருடைய ரத்தம், எலும்பு என்று எதையும் விட்டுவைக்காமல் சத்தியம் செய்கிற பழக்கம் ஆங்கிலேயர்களிடம் வெகுகாலமாக இருந்தது. இப்படிச் சத்தியம் செய்பவர்கள் அவர் உடம்பையே கிழிக்கிறார்கள் என்று 14ஆம் நூற்றாண்டிலேயே சாசரின் கதை ஒன்றில் கண்டனம் வருகிறது. பிறகு கடவுளின் பெயரை விழுங்கிவிட்டு வாலை மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். கேட்டவர்களுக்கு விழுங்கியது என்னவென்று தெரியும்.

‘ஒத்தெல்லோ’ 1604இல் அரண்மனையில் நடந்தது. 1606இல் முதலாம் ஜேம்ஸ் காலத்துச் சட்டம் வந்தது: மேடையில் கடவுளின் பெயரை விளையாட்டாகச் சொன்னால் ஒவ்வொரு தடவைக்கும் 10 பவுண்டு அபராதம். பாதி மன்னருக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு. நின்றுகொண்டு நாடகம் பார்க்க அப்போது ஒரு பென்னிதான். அப்படியென்றால் 2,400 பேர் கொடுக்கும் காசு ஒரே வார்த்தையில் போய்விடும். சட்டம் மேடைப் பேச்சுக்குத்தான், அச்சுக்கு இல்லை. அதனால் 1622இல் வந்த சிறு பதிப்பில் ஆணைகள் அப்படியே இருக்கின்றன. 1623இன் பெரிய தொகுப்பில் உருவி எடுக்கப்பட்டிருக்கின்றன. கைக்குட்டை எங்கே என்று மனைவியிடம் கேட்டுக் கேட்டு வெறியேறி வெளியேறும் ஒத்தெல்லோ முதல் பதிப்பில் ‘ஸவுண்ட்ஸ்’ என்கிறான்; அடுத்ததில் ‘போ அப்பால்’ என்பதோடு சரி. எனக்கு இது பெரிய நஷ்டமாகவே படுகிறது.

காலம் போகப் போக உள்ளேயிருந்த காயம் மறந்துபோயிற்று. 1698இல் ஜார்ஜ் ஃபார்குவர் எழுதிய நாடகத்தில் உச்சரிப்பே சண்டைக்குரிய விஷயம்: வேலை போன ராணுவ அதிகாரிகளும் சண்டியர்களும் ‘ஸூன்ஸ்’ என்பார்களாம், மினுக்கிக்கொண்டு திரியும் இளைஞர்கள் ‘ஸான்ஸ்’ என்பார்களாம். 1775இல் ஷெரிடனின் ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில், சொன்ன பெண்ணைக் கட்டமாட்டாயா என்று மகனிடம் குதிக்கும் அப்பாவின் கோபத்துக்கு அந்தச் சொல்தான் தாளம். அதே நாடகத்தில் பாப் ஏக்கர்ஸ், பேசும் பொருளுக்கேற்ற ஆணைகளைத் தானே செய்துகொள்கிறான். சண்டை என்றால் துப்பாக்கி விசையின் மேல் ஆணை! எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அவன். அதற்குப் பிறகு ‘ஸவுண்ட்ஸ்’ சரித்திர நாவல்களிலும் காமிக்ஸிலும் ஒட்டுமீசை மாதிரி, பழங்காலம் என்று காட்ட மட்டுமே பயன்பட்டது.

நீ அதை ஒட்டுமீசையாக ஆக்கிவிடாதே. கடைசிக் காட்சியில் இயாகோவின் மனைவி எமிலியா கைக்குட்டையின் உண்மையைச் சொல்லத் தொடங்கும்போது, வாயை மூடு என்று அடக்குகிறாயே, அந்த இடத்தை எடுத்துக்கொள். 1623 பதிப்பில் ‘இதோ பார்’ என்கிற மாதிரி தணிவாகத் தொடங்குகிறான். 1622இல் ‘ஸவுண்ட்ஸ்’. அதுவரை எல்லாரையும் ஆட்டிவைத்தவனுக்குப் பிடி நழுவுவது அந்த ஒரு சொல்லில் கேட்கிறது. உன் இயக்குநரிடம் சண்டை போட்டாவது அதை வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா