கூட்ஸ் வண்டி போச்சு

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வாரம், சமயநல்லூர் ஜெராக்ஸ் கடையில் அறுபது தாள் அடித்து, ஓட்டை போட்டு, பாக்ஸ் ஃபைலில் கோத்தேன். தேதி, பாடம், நேரம் என்று கட்டங்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளியைத்தான் பேசுகிறது. கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளைத் தவிர, மற்றவர்கள் வீட்டில் படிப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரவும் 14 வயது ஆக வேண்டும். அதுவரை யாராவது கேட்டால் காட்ட இந்த ஃபைல்தான். பயத்திலேயே கட்டங்களை நிரப்பினேன்.

ஒருநாள் அவளே எழுதியிருந்தாள்: "கூட்ஸ் வண்டி போச்சு. நாப்பத்திரெண்டு பெட்டி. அம்மா இத கணக்குன்னு எழுதிக்கிருவாங்க."

சிரிப்பு வரவில்லை. மறுநாள் புதுத் தாள் அடித்தேன். மேலே தேதி மட்டும்; கீழே முழுக்க அவளுக்கு.